நட்சத்திரம் கட்டாத வீடுகள்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. இந்நாட்களில் எங்கள் ஊர்த் தெருக்களில் அந்திவேளையில் நடந்து வருவீர்களானால், ஏறக்குறைய எல்லா வீட்டு முகப்பிலும் நட்சத்திரம் தொங்குவதைக் காண்பீர்கள். சிலர் தென்னையின் உச்சியிலேயே ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள். அது பக்கத்து ஊருக்கும் தெரியவேண்டுமாம். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் வெள்ளையடிக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பத்து நாள் விடுப்பில் வரப்போகிறார்கள். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடுகிற மணம் தெருவெங்கும் பரவத் தொடங்கிவிட்டது.

இந்த வெளிச்சத்தின் நடுவே தெருவுக்கு ஒரு வீடாவது இருட்டாக நிற்கும். இந்த வாரம் அந்த வீட்டைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவ்வாண்டில் மரணம் நேர்ந்த வீட்டில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை எடுப்பதில்லை. “எங்களுக்கு இந்த வருசம் கிறிஸ்மஸ் இல்லை” என்று வீட்டார் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பாடிக்கொண்டு வருகிற கீதபவனியும் அந்த வீட்டை நெருங்கும்போது மேளத்தை நிறுத்தி, சத்தமின்றிக் கடந்துபோகும். எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இது எழுதப்பட்டதில்லை. ஆயினும் சட்டத்தைவிடக் கண்டிப்பாக எங்களிடையே கைக்கொள்ளப்பட்டு வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கே கணவனை இழந்த தாயார் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரே மகன். செப்டம்பர் மாதத்தில் ஒரு சாலை விபத்தில் அவன் மரித்தான். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கும் போயிருந்தேன். அதன்பின் பண்டிகை வேலைகள் வந்து சூழ்ந்துகொண்டன. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை, பாடகர் குழுவின் பயிற்சி, ஆலயத்துக்கு வர்ணம் பூசுதல் என்று நாட்கள் ஓடின. அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், அங்கே போனால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 21-ம் தேதி இரவு கீதபவனி. வேனில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும். முன்னால் தாத்தா வேடமிட்ட ஓர் இளைஞன் மிட்டாய் வீசிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பின்பு காணிக்கைக் கவர். பதினொரு மணியளவில் அந்தத் தாயாரின் தெருவுக்குள் நுழைந்தோம். அவர் வீட்டு வாசலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. முந்தைய வருடம் நட்சத்திரம் கட்டிய கயிறு வேப்பமரக் கிளையில் அப்படியே தொங்கியது. குழுத் தலைவர் கையை உயர்த்தினார், மேளம் நின்றது. நாங்கள் தலைகுனிந்து கடந்தோம். துக்கத்தை மதிக்கத் தெரிந்த சபை என்ற ஒரு திருப்தி கூட அப்போது என் உள்ளத்தில் இருந்தது. அடுத்த வீட்டு வாசலுக்கு வந்ததும் மேளம் மறுபடி முழங்கிற்று.

கதவு திறந்திருந்ததை நான் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகும். பார்த்தும் நடந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போனபின், அவர் கடைசியாக வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கவரை எடுத்து என் கையில் வைத்தார். கீதபவனிக் காணிக்கை, அதன்மேல் மகனுடைய பெயர். “ராத்திரி வருவீங்கன்னு எடுத்து வச்சிருந்தேன் ஐயா” என்றார். சற்றுப் பொறுத்து, “பிள்ளைகளுக்குக் காப்பியும் போட்டு வச்சிருந்தேன்” என்றார். குறைசொல்லும் தொனி துளியும் இல்லை. வேறெதுவும் பேசாமல் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பிரசங்கத்தின் தலைப்பு நம்பிக்கை என்பதை நான் உங்களிடம் மறைக்கவில்லை.

அன்று முதல் இந்த வழக்கத்தைப் பற்றி நான் யோசித்து வந்திருக்கிறேன். இதை மூடவழக்கம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படுகிறதில்லை. இதில் ஒரு ஞானம் உண்டு. மகிழ முடியாதவரை மகிழும்படி வற்புறுத்தாத ஞானம் அது. ஊரெல்லாம் சிரிக்கிற நாளில், சிரிக்காமலிருக்கும் உரிமையைத் துக்க வீட்டுக்கு அது கொடுக்கிறது. எங்கள் பாட்டிமார் அதன் மறுபாதியையும் அறிந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்பதால், அக்கம்பக்கத்தாரும் உறவின்முறையாரும் அந்த வீட்டுக்கென்று இரண்டு படி கூடுதலாகச் சுட்டு, தட்டை மூடிக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். வழக்கம் முழுமையாக இருந்த காலத்தில் நட்சத்திரம் இல்லாத வீட்டுக்கே அதிகமான தட்டுகள் போயின. நாம் முதற்பாதியைக் காத்துக்கொண்டோம், மறுபாதியைத் தொலைத்துவிட்டோம். இப்போது தட்டும் போவதில்லை, பாட்டும் போவதில்லை.

கிறிஸ்து பிறப்பின் வரலாற்றையே சற்று நிதானித்துப் பாருங்கள். பண்டிகை நாடகங்களில் மேய்ப்பரும் ஞானிகளும் தூதரும் வருவார்கள். அன்னாளை நாம் மேடையேற்றுவதில்லை. அங்கி தைத்துக் கொடுக்க அவளிடத்தில் அழகான காட்சி எதுவும் இல்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அவள் வருகிறாள். பானுவேலின் குமாரத்தி, ஆசேர் கோத்திரத்தாள். கணவனோடு வாழ்ந்தது ஏழே ஆண்டுகள். அதன்பின் 84 என்று லூக்கா ஓர் எண்ணைத் தருகிறார். அது அவளுடைய வயதா, கைம்மையில் கழிந்த ஆண்டுகளா என்று வேத அறிஞர் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியாயினும் ஒரு நீண்ட ஆயுள் முழுவதும் இழப்போடு வாழ்ந்தவள். தேவாலயத்தில் அந்தக் குழந்தையைக் கண்டு, மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைக் குறித்துப் பேசியவள் அவளே. எங்கள் ஊர் முறைப்படி பார்த்தால், நட்சத்திரம் கட்டாத வீட்டுக்காரி. கீதபவனி அவள் வாசலைக் கடந்து போயிருக்கும்.

மத்தேயு இன்னும் கடினமான ஒன்றைச் செய்கிறார். ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்துவிட்டுப் போன சில வசனங்களுக்குள்ளேயே பெத்லகேமின் தாய்மார் அழுகிறார்கள். ஏரோதின் வாளுக்குத் தப்பிய குழந்தையின் கதையில், தப்பாத குழந்தைகளை மத்தேயு மறைக்கவில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடைய மறுத்ததாக எரேமியா எழுதியதை அங்கே நினைவுபடுத்துகிறார். எரேமியா 31-ம் அதிகாரத்தைத் திறந்தால், அந்த அழுகை 15-ம் வசனம். பிள்ளைகள் திரும்பி வருவார்கள், உனக்கு நம்பிக்கை உண்டு என்ற தேவவாக்கு 17-ம் வசனம். இடையில் ஒரேயொரு வசனம். ஆனால் மத்தேயு 15-ம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார். நம்பிக்கையின் வசனத்தை அவர் அறியாதவரல்லர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே அதை அவசரமாக நீட்ட அவருக்கு மனமில்லை என்றே நான் எண்ணுகிறேன். இது என் வாசிப்பு. நீங்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆயினும் அடக்க ஆராதனைகளில் கல்லறை மூடுமுன்பே 17-ம் வசனத்துக்குப் பாய்ந்துவிடுகிற போதகன் என்ற முறையில், மத்தேயுவின் அந்த மௌனம் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.

திருச்சபையின் நாட்காட்டியும் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. டிசம்பர் 25-க்கு மறுநாள் ஸ்தேவானின் நாள், கல்லெறியுண்டு மரித்த முதல் இரத்தசாட்சியின் நினைவு. 28-ம் தேதி பெத்லகேமின் மாசற்ற குழந்தைகளின் நாள். பண்டிகையின் வாசற்படியிலேயே மரணத்தை வைத்தார்கள் நம் முன்னோர். நாமோ அவ்விரு நாட்களையும் மீதிக் கேக்கோடு கழித்துவிடுகிறோம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஆறரை மணியும் ஆகவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் அலை நம் கரைகளை எட்டிவிட்டது. நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் கடலூரிலும் மீனவக் குடியிருப்புகள் வாரிக்கொண்டு போகப்பட்டன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலர் கடற்கரையிலேயே மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அதில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். முந்தைய நாள் ஏற்றிய நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படாத நேரம் அது. கடற்கரை ஊர்களில் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பண்டிகையும் துக்கமும் அடுத்தடுத்து வருவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நம்பிக்கை என்று நாம் எதைச் சொல்கிறோம்? தமிழில் இந்தச் சொல் இரட்டை வேலை செய்கிறது. அன்றாடப் பேச்சில் ஒருவரை நம்புவதும் நம்பிக்கை, நல்லது வருமென்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் முன்னதற்கு விசுவாசம் என்ற சொல்லை ஒதுக்கி, பின்னதற்கு நம்பிக்கையை வைத்துக்கொண்டார்கள். எபிரேயத்தில் நம்பிக்கைக்கு தீக்வா என்பார்கள். காத்திருத்தல் என்னும் வினையோடு சேர்ந்த சொல் அது. அதற்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. எரிகோவில் ராகாப் தன் ஜன்னலில் கட்டி வைத்த சிவப்பு நூல்கயிற்றை யோசுவா இரண்டாம் அதிகாரம் குறிப்பது இதே சொல்லால்தான். பட்டணம் விழப்போகிறது என்று அறிந்தவள் கட்டிய கயிறு.

நாம் இதை மிகவும் மலிவாக்கிவிட்டோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகள் கொடுக்கிறோம் அல்லவா? நானும் ஆண்டுதோறும் அச்சடிக்கிறேன். நிறுத்தினால் சபையில் கலகம் வரும். தனக்கு வந்த வசனம் பிடிக்காமல் பின்வரிசையில் அட்டையை மாற்றிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன்! செழிப்பும் உயர்வும் சொல்லும் அட்டைக்குத்தான் கிராக்கி. முந்தின ஆண்டு ஆசீர்வாத அட்டையைப் பெற்று, அந்த ஆண்டிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவர், இந்த ஆண்டு அட்டைப் பெட்டிக்குள் எப்படிக் கையை விடுவார் என்று நாம் கேட்டதுண்டா?

எரேமியாவின் 32-ம் அதிகாரம் எனக்குப் பிடித்த நம்பிக்கை. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறார்கள். நகரம் விழும் என்று முன்னறிவித்ததற்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது ஆனதோத்தில் இருக்கும் ஒரு நிலத்தை அவர் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். எதிரியின் படை நிற்கிற நாட்டில் நிலம்! சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கும்படி பாருக்கினிடத்தில் ஒப்படைக்கிறார். எல்லாம் நன்றாக நடக்கும் என்று அவர் சொல்லவில்லை; நகரம் எரியத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய நம்பிக்கைக்கு எடையும் விலையும் சாட்சிக் கையொப்பமும் இருந்தன.

மகனுடைய பெயரெழுதிய அந்தக் கவரை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நட்சத்திரம் கட்ட அந்தத் தாயாருக்கு மனம் வரவில்லை. ஆனால் கவரை எடுத்து வைத்தார், பல்பை எரியவிட்டார், காப்பி போட்டார், பதினொரு மணிவரை விழித்திருந்தார். அந்த இரவில் ஊரிலேயே நம்பிக்கையோடு காத்திருந்தவர் அவர்.

நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்காதிருங்கள் என்ற பொருளில் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை, துக்கிக்கவே கூடாது என்பதுபோல் நாம் திரித்து வைத்திருக்கிறோம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் பெத்தானியாவில் கண்ணீர் விட்டவரை ஆண்டவர் என்று அழைக்கிற நமக்கு, அழுகிறவரிடம் “விசுவாசிகள் அழக்கூடாது” என்று சொல்ல எப்படி நா எழுகிறது?

அடுத்த ஆண்டு கீதபவனியின் ஒழுங்கை மாற்றினோம். மேளமும் வேனும் புறப்படுமுன், மாலை வெளிச்சத்திலேயே, ஐந்தாறு பேராக நட்சத்திரம் கட்டாத வீடுகளுக்கு முதலில் போவதென்று முடிவுசெய்தோம். தாத்தா வேடம் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. வீட்டார் விரும்பினால் ஒரு பாட்டு. இல்லாவிட்டால் வெறுமனே உட்கார்ந்திருப்பது. சபை மூப்பர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “பெரியவங்க காரணமில்லாமயா வச்சிருப்பாங்க, ஐயா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் தட்டுகளைப் பற்றித்தான் பதில் சொன்னேன்.

முதல் ஆண்டிலேயே ஒரு வீட்டில் கதவை அடைத்தார்கள். மனைவியை இழந்து இரண்டு மாதமே ஆன ஒருவர், “தயவுசெஞ்சு போயிருங்க” என்றார். நாங்கள் போய்விட்டோம். அவர் செய்தது தவறென்று நான் நினைக்கவில்லை. முன்கூட்டியே கேளாமல் போனது எங்கள் தவறு. இப்போது ஒரு நாள் முன்னதாக ஒருவர் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். வேண்டாம் என்றால் வேண்டாம். ஜனவரியில் விருந்தினர் எல்லாம் ஊர் திரும்பியபின் மறுபடி போகிறோம். அந்த ஜனவரிச் சந்திப்புதான் அதிகம் பேசவைக்கிறது.

போகப் போக வேறு வகையான இருட்டு வீடுகளும் கண்ணில் பட்டன. விடுப்பு கிடைக்காமல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட மகனின் பெற்றோர், “அவன் இல்லாம எதுக்கு” என்று நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்காமலே விட்டிருந்தார்கள். வேலை இழந்ததை யாரிடமும் சொல்லாத ஒருவர் வீடு. விவாகரத்து ஆகித் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணின் வீடு; அங்கே நட்சத்திரம் இருந்தது, ஆனால் விளக்கு போடப்படவில்லை.

நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட வருகைக்கால வளையத்தைச் சில ஆலயங்களில் பார்த்திருப்பீர்கள். முதலாவதை நம்பிக்கையின் மெழுகுவர்த்தி என்பார்கள். அந்த வழக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், யோகான் ஹின்ரிச் விசெர்ன் என்ற குருவானவர் ஏழைச் சிறுவருக்கென்று நடத்திய இல்லத்தில் 1839-ல் தொடங்கியது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். வறுமையிலிருந்து மீட்கப்பட்டு அந்த இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கான விளக்கு அது. இன்று அதைப் பீடத்தின் முன் அலங்காரமாக வைத்துப் படமெடுக்கிறோம்.

விடுமுறைக்கு ஊர் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்து நாளில் நீங்கள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் நீளமானது என்று அறிவேன். வங்கி, பத்திரப் பதிவு, வீட்டு மராமத்து, ஒரு திருமணம், கொஞ்சம் உறக்கம். அதில் ஒரு அரைமணி நேரத்தைக் கேட்கிறேன். உங்கள் தெருவில் எந்த வீட்டில் நட்சத்திரம் இல்லை என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். கையில் ஒரு தட்டு இருந்தால் போதும். பேச வார்த்தை கிடைக்காவிட்டால் பேசவேண்டாம். மரித்தவரின் பெயரை மட்டும் ஒருமுறை உச்சரியுங்கள். ஊரார் அந்தப் பெயரைச் சொல்லவே அஞ்சுகிறார்கள். வீட்டாரோ அதைக் கேட்கத்தான் ஏங்குகிறார்கள்.

இந்த ஆண்டு எங்கள் சேகரத்தில் ஏழு வீடுகள். 20-ம் தேதி மாலை நாலரை மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படுகிறோம். அந்தத் தாயார் இப்போது தம் தங்கை மகளோடு எங்கள் ஊரிலேயே குடியிருக்கிறார். சில ஆண்டுகளாக எங்களோடு வந்து, ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு முன்பாக உள்ளே நுழைந்து, அந்த வீட்டுப் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறவர் அவர். இம்முறையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் அவருக்கென்று ஓர் ஆட்டோ பேசி வைத்திருக்கிறோம்.